பன்னிரண்டு நாள் படுத்தே கிடந்தான்

கேள்வி: டாக்டர், எங்கள் ஊர் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். என் தம்பிக்கு 26 வயது. தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். மூன்று வருடமாக ஐஸ் என்ற போதைப்பொருள் எடுக்கிறான் என்பது போன தீபாவளிக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. 70 கிலோ இருந்தவன் இப்போது 51 கிலோ. முன்பல் இரண்டு போய்விட்டது. கையெல்லாம் சொறிந்து புண். இரவு முழுக்க மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு மாட்டிக்கொண்டே இருக்கிறான். தகரக் கூரை மேல் ஆள் நடக்கிறான், தன்னைப் பிடிக்க வந்திருக்கிறான் என்கிறான். அம்மா இது செய்வினை என்று பூசாரியிடம் போகிறார். அப்பா இல்லை. அம்மாவின் சேமநிதிப் பணம் தீர்ந்துவிட்டது, என் சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது, கந்துவட்டிக்குக் கடன் கொடுக்கும் ஆலோங்காரர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ஒரு தடவை அவனாகவே 12 நாள் விட்டான். ஆனால் பிணம் மாதிரி படுத்தே கிடந்தான். மாமா வந்து, சோம்பேறி என்று திட்டி இரண்டு அடி வைத்தார். மறுநாளே போய் மறுபடியும் எடுத்துவிட்டான். அவன் உடம்பு பழையபடி வருமா? போலீசில் சொல்லட்டுமா? எனக்குத் தை மாதம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டில் இதைச் சொல்ல வேண்டுமா? பெயர் போட வேண்டாம்.

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த 12 நாள் பற்றிய வரியைத்தான். நீங்கள் அதைத் தோல்வி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது, உங்கள் தம்பிக்குள் விட வேண்டும் என்ற எண்ணம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கான சாட்சி. அந்த 12 நாளில் என்ன நடந்தது என்பது புரிந்தால் மற்றதெல்லாம் உங்களுக்குப் புரியும். அதற்கு வருகிறேன். முதலில், உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்வதுபோல் எழுதியிருக்கிறீர்களே, மூன்று வருடம் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று, அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவன்தான். எங்களுக்கெல்லாம் தெரிந்த போதை சம்சு என்ற மலிவுச் சாராயம். சம்சு குடித்தவன் வீட்டுக்கு நூறு அடி தள்ளி வரும்போதே வாசனை வந்துவிடும். கால் பின்னும், வாய் குழறும், மறுநாள் காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, வரமாட்டான். நம் அம்மாக்களின் கண் அதற்குத்தான் பழகியது. ஐஸ் அப்படியில்லை. வாசனை கிடையாது, தள்ளாட்டம் கிடையாது. முதல் சில மாதங்களில் அதை எடுப்பவன் முன்பைவிட அதிகமாக வேலை செய்வான், நன்றாகப் பேசுவான், களைப்பே தெரியாது. சம்பளம்கூட ஏறும். எந்த வீட்டில் அதைப் பார்த்துச் சந்தேகப்படுவார்கள்? பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். உங்கள் அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

அவன் தொழிலும் இதில் கலந்திருக்கிறது. செம்பனைக் குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்க வேண்டும். தாமதமானால் எண்ணெயில் புளிப்பு ஏறித் தரம் கெட்டுவிடும். காய்ப்பு அதிகமான மாதங்களில் ஆலை வாசலில் லோரிகள் வரிசையாக நிற்கும். நடைக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற ஓட்டுநருக்குத் தூக்கம் என்பது காசை இழப்பது. என்னிடம் வந்த லோரிக்காரர்களில் பலர், இன்பத்துக்காக இதைத் தொடவில்லை. கண் மூடாமல் இருக்கத்தான் தொட்டார்கள். இந்தப் பொருளின் கதையே அப்படித்தான். 1893இல் ஜப்பானில் ஒரு வேதியியலாளர் இதை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே சிப்பாய்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் தூங்காமல் உழைப்பதற்காகவே கொடுத்தார்கள். போர் முடிந்தபின் ஊர் ஊராகப் பழக்கம் பரவி, 1951இல் அதைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஐஸை இங்கே சியாபு என்றும் சொல்கிறோமே, அதற்கு ஒத்த பெயர்தான் ஜப்பானிலும் உண்டு.

சரி, அது உள்ளே போய் என்ன செய்கிறது?

நம் மூளையில் டோப்பமின் என்ற ஒரு பொருள் சுரக்கிறது. பசித்த வயிற்றுக்குச் சூடான சோறு கிடைத்தால் கொஞ்சம் சுரக்கும். சம்பள நாளில், குழந்தை சிரிக்கும்போது, பந்து கோலுக்குள் போகும்போது சுரக்கும். இது நல்லது, இன்னொரு முறை செய் என்று சொல்லும் சமிக்ஞை அது. எலிகளை வைத்து அளந்த ஆய்வுகளில், ருசியான சாப்பாடு டோப்பமினை வழக்கமான அளவைவிட ஒன்றரை மடங்கு அளவுக்கு உயர்த்தியது. ஆம்பெட்டமின் வகைப் பொருளோ பத்து மடங்கு அளவுக்கு உயர்த்தியது. ஐஸ், அதாவது மெத்தம்பெட்டமின், அந்த வகையைச் சேர்ந்தது. சுரந்த டோப்பமினைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் சிறு வாசல்கள் நரம்புகளில் இருக்கின்றன. ஐஸ் அந்த வாசல்களைத் தலைகீழாக வேலை செய்ய வைக்கிறது. உள்ளே சேமித்து வைத்ததெல்லாம் வெளியே கொட்டுகிறது. அதுவும் சீக்கிரம் தீர்வதில்லை. எடுத்ததில் பாதி உடம்பைவிட்டுப் போகவே 10 முதல் 12 மணி நேரம் ஆகும். முதல் நாள் இரவு எடுத்தது மறுநாள் மாலையிலும் ரத்தத்தில் இருக்கும். அதனால்தான் அவன் இரண்டு இரவு, மூன்று இரவு கண் மூடாமல் இருக்கிறான்.

மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பிரித்து மாட்டுகிறானே, அதுவும் இந்த நோயின் அடையாளம்தான். ஒரே வேலையை நோக்கமில்லாமல் மணிக்கணக்கில் செய்துகொண்டிருப்பது. சிலர் கடிகாரம் பிரிப்பார்கள், சிலர் வீட்டைக் கூட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்த நேரத்தில் கையிலிருந்து பிடுங்கி எறியாதீர்கள். சண்டைதான் மிஞ்சும்.

இப்போது உடம்பு. 19 கிலோ குறைந்தது பசி செத்துப்போனதால்தான். ஐஸ் பசியையும் தாகத்தையும் மறக்கடிக்கிறது. இந்த எடை பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். விட்ட சில நாளிலேயே பானை பானையாகச் சாப்பிடுவான், பாருங்கள். கைப் புண்ணும் ஆறும். தோலுக்கு அடியில் பூச்சி ஊர்வதுபோல் அவனுக்குத் தோன்றுகிறது, அதனால்தான் சொறிகிறான். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். புண் சிவந்து வீங்கினால் கிளினிக்குக் கொண்டு போங்கள். தழும்பு கொஞ்சம் இருக்கும்.

பல் திரும்பாது. இதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். எச்சில்தான் பல்லுக்குக் காவல். ஐஸ் எச்சிலை வற்ற வைக்கிறது. வாய் காய்வதால் சீனி போட்ட டின் பானமாகக் குடிப்பார்கள். அதோடு தன்னையறியாமல் பல்லைக் கடித்து அரைப்பார்கள். நாள் கணக்கில் பல் துலக்கவும் மாட்டார்கள். எல்லாம் சேர்ந்து 26 வயதுப் பையனுக்கு 70 வயதுக் கிழவரின் வாயைக் கொடுத்துவிடுகிறது. ஆனால் மிச்சமிருக்கும் பல்லைக் காப்பாற்றலாம், போன பல்லுக்குப் பல்செட் கட்டலாம். அரசாங்கப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பல் போன வெட்கத்திலேயே பல பிள்ளைகள் வெளியே தலைகாட்டாமல், வேலை தேடாமல், திரும்ப அந்தக் கூட்டாளிகளிடமே போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நடுவில்தானே எல்லோருக்கும் பல் இல்லை. அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். முன்பல் இரண்டு கட்டிக்கொண்ட பிறகு கண்ணாடி முன் நின்று அழுத ஒரு பையனை எனக்குத் தெரியும்.

எனக்குப் பயம் அவன் இதயத்தைப் பற்றித்தான். ஐஸ் ரத்தக் குழாய்களை இறுக்குகிறது, ரத்த அழுத்தத்தையும் துடிப்பையும் ஏற்றி வைக்கிறது. வருடக்கணக்கில் அப்படி ஓடினால் இதயத் தசை வீங்கித் தளர்ந்து, ரத்தத்தைத் தள்ளும் சக்தியை இழக்கும். முப்பது வயது தாண்டாதவர்கள் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, வார்டுக்கு வருகிறார்கள். நிறுத்திவிட்டு மருந்து எடுத்தால் பலருக்கு இதயம் கணிசமாகத் தேறுகிறது. தொடர்ந்து எடுப்பவர்களுக்குத் தேறுவதில்லை. எனவே ஒரு முறையாவது ஈ.சி.ஜி., ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுங்கள். நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் விழுதல், திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வலிப்பு, உடம்பு நெருப்பாய்ச் சுட்டு நினைவு தடுமாறுதல், இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 999ஐ அழையுங்கள், என்ன எடுத்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவம் பார்ப்பவருக்கு அந்த ஒரு தகவல் உயிர்காக்கும் தகவல்.

கூரை மேல் நடக்கிற ஆள் விஷயத்துக்கு வருவோம். உங்கள் தம்பி பொய் சொல்லவில்லை. அவனுக்கு அந்தக் காலடிச் சத்தம் உண்மையாகவே கேட்கிறது. தூக்கமில்லாத மூளையில் டோப்பமின் கொட்டும்போது, காற்றில் ஓலை உரசுவதுகூட ஆள் வருகிற சத்தமாகிவிடும். பெரும்பாலானவர்களுக்கு நிறுத்திய சில நாளில் அல்லது சில வாரத்தில் இது அடங்கும். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். அவர்களுக்கு மனநல மாத்திரை வேண்டும்.

அந்த நேரத்தில், யாரும் இல்லையே, பைத்தியமா உனக்கு, என்று வாதாடாதீர்கள். ஆமாம், நானும் பார்த்தேன், என்று ஒத்து ஊதவும் வேண்டாம். "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுதுடா, நான் பக்கத்துல இருக்கேன்" என்பது போதும். தொலைக்காட்சியை நிறுத்துங்கள், விளக்கு எரியட்டும், குரலைத் தாழ்த்துங்கள், கதவை மறைத்து நிற்காதீர்கள். பாராங் கத்தி, குலை வெட்டும் அரிவாள் எல்லாவற்றையும் இன்றைக்கே பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று நம்புகிறவன் தற்காப்புக்காகத்தான் ஆயுதம் எடுப்பான், எதிரே நிற்பது அம்மா என்று அப்போது அவனுக்குத் தெரியாது. அப்படி ஒரு நிலை வந்தால் நீங்கள் இருவரும் வெளியே போய்விடுங்கள், பிறகு 999. அவனை விட்டுவிட்டு ஓடுவதாக நினைத்துக் கலங்காதீர்கள்.

அம்மாவின் பூசாரியைப் பற்றி. கயிறு கட்டட்டும், திருநீறு பூசட்டும், தோட்டத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளட்டும். அந்த அம்மாவுக்கு இருக்கிற ஒரே பிடி அது. அதை நான் பறிக்கச் சொல்லமாட்டேன். ஆனால் பேயோட்டுகிறேன் என்று யாராவது அவனைக் கட்டிப்போட்டாலோ, அடித்தாலோ, பட்டினி போட்டாலோ, அங்கேயே தடுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஓடிக் களைத்த இதயம் அது. அப்புறம் அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: செய்வினையாகவே இருந்தாலும் அது பல்லையும் இதயத்தையும் பிடித்திருக்கிறது, அந்த இரண்டையும் டாக்டர் பார்க்கட்டும். பல வீடுகளில் இது வேலை செய்திருக்கிறது.

அம்மா மருத்துவமனைக்குத் தயங்குவது ஏன் என்று நீங்கள் எழுதவில்லை, நானாக ஊகிக்கிறேன். உங்கள் ஊரில் மனநல மருத்துவம் என்றாலே தஞ்சோங் ரம்புத்தான் என்பார்கள். அந்த ஊர்ப் பெயரே நமக்கு வசவாகிவிட்டது. அங்கே இருக்கும் உலு கிந்தா பகாகியா மனநல மருத்துவமனை 1911இல் தொடங்கியது. பூட்டிவைத்த காலத்துக் கதைகளை நம் தாத்தா பாட்டிகள் சொல்லிச் சொல்லி அந்தப் பயம் வளர்ந்தது. இன்றைக்குப் பெரும்பாலானவர்கள் பார்த்துவிட்டு மாத்திரையோடு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். அங்கேதான் போக வேண்டும் என்றும் இல்லை. முதலில் உள்ளூர் அரசாங்க கிளினிக், அங்கிருந்து கடிதம் வாங்கி ஈப்போ பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவு. குடிமக்களுக்கு கிளினிக்கில் 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். ஆலோங்காரனுக்குப் போன காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி அந்த 12 நாள்.

மூன்று வருடமாகச் சேமிப்பையெல்லாம் கொட்டித் தீர்த்த மூளை, ஐஸ் நின்றவுடன் வெறும் பானையாகிவிடும். முதல் சில நாள் அவன் தூங்கிக்கொண்டே இருப்பான். எழுப்பினால் எரிந்து விழுவான். சாப்பிடுவான், மறுபடியும் தூங்குவான். அதன்பின் வருவதுதான் கொடுமை. தூக்கம் கலைந்துவிடும், ஆனால் எதிலும் ருசி இருக்காது. அம்மா வைத்த கோழிக்கறி மண் மாதிரி இருக்கும். பாட்டு பிடிக்காது, பந்து பிடிக்காது, குளிக்க எழுந்து போவதே மலையேறுவதுபோல் இருக்கும். இந்த நிலை இரண்டு மூன்று வாரம் கடுமையாக இருக்கும், பிறகு மெல்ல மெல்ல மாதக்கணக்கில் தேயும். உங்கள் தம்பி 12ஆம் நாள் நின்றிருந்தது இதன் நடுவில்தான். அவன் மனதில் அன்றைக்கு ஒரே கேள்விதான் ஓடியிருக்கும்: விட்டதற்குப் பலன் இதுதானா? அதே நாளில் மாமா வந்து சோம்பேறி என்று அடித்தார். மாமா மேல் எனக்குக் கோபமில்லை. காய்ச்சல்காரனைப் பார்த்தால் காய்ச்சல் என்று தெரியும். இது பார்க்க அப்படியே சோம்பல் போலத்தான் இருக்கும். யாராவது அவருக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லியிருக்க வேண்டியவர்கள் எங்களைப் போன்றவர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். இதே வயதுப் பையன், குரல்கள் நின்றுவிட்டன, சாப்பிட ஆரம்பித்துவிட்டான் என்று வார்டிலிருந்து அனுப்பினேன். மாத்திரையை எப்போது கொடுப்பது என்று அவன் அப்பாவிடம் விளக்கினேன். இனி வரும் மாதங்களில் பையன் எப்படி இருப்பான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாவது வாரம், பகலெல்லாம் படுத்துக் கிடந்தவனை அவர் வீட்டைவிட்டு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். அவனைத் திரும்பக் கொண்டு வந்தபோது நிலைமை முன்பைவிட மோசம். அந்த அப்பா என்னைத் திட்டவில்லை. "நீங்க இதச் சொல்லியிருந்தா நான் அவன தூங்க விட்டிருப்பேனே டாக்டர்" என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து எந்தக் குடும்பத்தையும் இதைச் சொல்லாமல் நான் அனுப்பியதில்லை. உங்களுக்கும் சொல்கிறேன்: அடுத்த முறை அவன் நிறுத்தும்போது, படுத்துக் கிடக்கட்டும். அதுதான் அந்த மாதத்தில் அவனுக்கு வேலை.

உடம்பு பழையபடி வருமா என்று கேட்டீர்கள். மூளைக்கும் சேர்த்துப் பதில் இருக்கிறது. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், ஐஸ் எடுத்தவர்களின் மூளையைப் படமெடுத்து, 12 முதல் 17 மாதம் தொடாமல் இருந்தபின் அவர்களையே மறுபடியும் படமெடுத்தார்கள். முன்பு குறைந்துபோயிருந்த அந்த டோப்பமின் வாசல்கள் பெருமளவு திரும்பி வந்திருந்தன. நினைவாற்றலும் கைகால் வேகமும் மட்டும் அதே அளவுக்குத் தேறவில்லை. ஆகவே ஒரு தீபாவளி போய் இன்னொரு தீபாவளி வரும் வரைக்குமான கணக்கு இது. ஒரு மாதத்தில் ஆள் மாறவில்லையே என்று கைவிட்டுவிடாதீர்கள்.

சிகிச்சை என்ன? ஹெரோயின்காரர்களுக்கு மெத்தடோன் இருக்கிறது; 2005இலிருந்து நம் நாட்டில் கொடுக்கிறார்கள், பல குடும்பங்களை அது காப்பாற்றியிருக்கிறது. ஐஸுக்கு அப்படி மாற்று மருந்து கிடையாது. யாராவது ஊசி போட்டு ஒரே வாரத்தில் விடவைக்கிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் நம்பாதீர்கள். நால்ட்ரெக்சோன் ஊசியையும் புப்ரோபியான் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2021இல் வந்தது. அதில் மருந்து பெற்றவர்களில் 100க்கு 13, 14 பேருக்குப் பலன் தெரிந்தது. மருந்தில்லாத போலி ஊசியும் போலி மாத்திரையும் பெற்றவர்களில் 100க்கு 2, 3 பேருக்கு. நம்பிக்கை தரும் தொடக்கம்தான், ஆனால் சிறியது.

இதுவரை நன்றாக நிரூபணமானது பேச்சு வழி சிகிச்சையும், கூடவே ஓர் எளிய ஏற்பாடும். சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக இருக்கும் ஒவ்வொரு முறையும் உடனே ஒரு சிறு பரிசு. கேட்பதற்குக் குழந்தை விளையாட்டு போலிருக்கும். ஆனால் வெறும் பானையாகிவிட்ட மூளைக்கு, இன்றைக்கு எடுக்காமல் இருந்ததற்கு இன்றைக்கே ஒரு நல்லது நடக்க வேண்டியிருக்கிறது, அடுத்த வருடம் நன்றாயிருப்பாய் என்ற வாக்குறுதி அதற்குப் போதாது. ஆலோசகரோடு பேசி, வாரம் இரண்டு முறை பரிசோதனை வைத்து வீட்டிலும் இதைச் செய்யலாம். பரிசு காசாக வேண்டாம். போனுக்கு டாப்-அப், பிடித்த சாப்பாடு, முடிவெட்டு. பரிசோதனை தவறினால் பரிசு இல்லை, அவ்வளவுதான். திட்டு கிடையாது, அடி கிடையாது.

போலீஸா என்று கேட்டீர்கள். உயிருக்கு ஆபத்தென்றால் தயங்காமல் அழையுங்கள். மற்றபடி, திருத்துவதற்காகப் பிடித்துக் கொடுப்பது என் முதல் ஆலோசனை இல்லை. 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டம் 15ஆவது பிரிவின்படி, எடுத்துக்கொண்ட குற்றத்துக்கே 5,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ உண்டு. அதற்கு முன்பு திறந்திருக்கும் கதவு ஏஏடிகே எனப்படும் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனம். தானாக முன்வந்து சிகிச்சை கேட்பவர்களுக்கு, போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சை, மறுவாழ்வு பற்றிய 1983ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மாவட்ட ஏஏடிகே அலுவலகத்துக்கு முதலில் நீங்கள் மட்டும் போய், என்னென்ன ஏற்பாடு இருக்கிறது என்று கேட்டு வாருங்கள். பிறகு அவன் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, தெளிவாக இருக்கும் ஒரு காலையில் பேசுங்கள். அந்த 12 நாளை நினைவுபடுத்துங்கள். "அப்ப நீ சோம்பேறியா இல்லடா, உனக்கு ஒடம்பு சரியில்ல, எங்களுக்குத்தான் தெரியல" என்று சொல்லுங்கள்.

லோரியைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். இரண்டு இரவு தூங்காதவன், போதை இறங்கும்போது, கண் திறந்தபடியே சில விநாடி தூங்கிவிடுவான். அவன் பின்னால் பல டன் குலை இருக்கிறது. எதிரே பள்ளிக்கூடப் பஸ் வரும். அவன் ஓட்டுவதை நிறுத்தியாக வேண்டும். குத்தகைக்காரரிடம் அவனுக்கு உடம்பு சரியில்லை, வண்டி கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வருமானம் போகும், அவன் உங்கள்மேல் கோபப்படுவான். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஆலோங் கடன். வீட்டுக்கு வந்து மிரட்டினால் போலீஸ் புகார் செய்யுங்கள், இன்னொரு நகையை அடகு வைக்காதீர்கள். நீங்கள் அடைத்தால் அவன் பெயரில் மறுபடியும் கொடுப்பார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு: கடனுக்குப் பதிலாக இந்தப் பொட்டலத்தை அங்கே கொண்டுபோய்க் கொடு என்பார்கள், லோரி ஓட்டுபவன்தானே. 50 கிராம் அல்லது அதற்குமேல் ஐஸ் கையில் இருந்தால் சட்டம் அதைக் கடத்தல் என்றே எடுத்துக்கொள்ளும், தூக்குத் தண்டனை வரை போகலாம். இதை அவனிடம் ஒரு முறையாவது நேருக்கு நேர் சொல்லிவிடுங்கள். வீட்டில் அவனுக்குச் சோறு எப்போதும் உண்டு, காசு கிடையாது. அம்மாவின் வங்கி அட்டை உங்களிடம் இருக்கட்டும்.

நிறுத்திய முதல் வாரங்களில் சாக வேண்டும் என்ற எண்ணம் வருவது உண்டு. அவனிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது, ஏற்கெனவே இருந்தால் வெளியே வரும். தோட்டத்து வீடுகளில் களைக்கொல்லி சும்மா மூலையில் கிடக்கும். பாராகுவாட்டை 2020இல் தடை செய்துவிட்டார்கள், ஆனாலும் பழைய டின் எங்காவது இருக்கலாம், மற்றவையும் விஷம்தான். எல்லாவற்றையும் வீட்டைவிட்டு அகற்றுங்கள். மனம் உடைந்தவர்களோடு பேசும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு, 03-7627 2929, இரவும் பகலும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணையும் அழைக்கலாம். தற்கொலைக்கு முயன்றால் வழக்குப் போடுவார்கள் என்று பயந்து மறைக்க வேண்டாம். அந்தச் சட்டப் பிரிவை 2023இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது.

கடைசியாக உங்கள் நிச்சயதார்த்தம். மொத்தக் கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் கேள்வியாக. அந்தப் பையனிடம் நீங்களே, தனியாக, தைக்கு முன்பே சொல்லிவிடுங்கள் என்பது என் எண்ணம். அவர் வீட்டாருக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். சிறிய ஊர், வேறு வாய் வழியாகப் போகத்தான் போகிறது. அப்போது அது தம்பியின் நோயாகப் போகாது, நீங்கள் மறைத்த ரகசியமாகப் போகும். சொல்லும்போது தலைகுனிந்து சொல்லாதீர்கள். வீட்டில் ஒருவருக்கு நீரிழிவோ காசநோயோ இருந்தால் எப்படிச் சொல்வீர்களோ அப்படிச் சொல்லுங்கள், என்ன வைத்தியம் நடக்கிறது என்பதையும் சேர்த்து. தம்பி குணமாகட்டும், பிறகு என் கல்யாணம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒன்றரை வருடம் பிடிக்கும் வைத்தியத்துக்கு உங்கள் வாழ்க்கையை ஈடு வைக்க முடியாது. அப்படி வைத்தால், அந்தப் பாரத்தையும் அவன்தான் ஒரு நாள் சுமக்க வேண்டியிருக்கும்.

ராத்திரி நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? கூரையைக் கேட்டுக்கொண்டு நீங்களும் விழித்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வாரத்தில் இரண்டு இரவாவது மாமாவை வந்து தங்கச் சொல்லுங்கள். இந்தப் பதிலை முதலில் அவரைப் படிக்க வையுங்கள், பிறகு காவலுக்கு வரட்டும். அந்த இரண்டு இரவும் நீங்கள் அத்தை வீட்டிலோ தோழி வீட்டிலோ போய்த் தூங்குங்கள்.